நோயாளியின் கட்டிலருகே ஒரு நூல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நோயாளரைச் சந்திக்கச் சென்றபோது எண்பது வயதை அண்மித்த ஒரு பெரியவரைக் கண்டேன். பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் செயலிழந்து படுக்கையில் இருந்தார். அறிவு தெளிவாக இருந்தது. பேச்சு மட்டும் சற்றுக் குழறியது. அவருக்கும் கனடாவில் வசிக்கும் தம்பியாருக்கும் இடையில் ஒரு கிணற்றுப் பங்கின் பேரில் ஏற்பட்ட பிணக்கு இருபது ஆண்டுகளைக் கடந்திருந்தது. தாயாரின் செத்தவீட்டுக்குத் தம்பியார் வந்திருந்தபோதுகூட இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

வீட்டார் இதனை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே, நானும் ஆயத்தத்துடன் சென்றேன். கட்டிலருகே அமர்ந்து, மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்திலிருந்து மன்னிக்க மறுத்த ஊழியனின் உவமையை வாசித்தேன். பெரியவர் இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பின்னர், “சுவாமி, இதை எனக்கு வாசிக்கிறதிலும் பார்க்க அவனுக்கு வாசிச்சால் புண்ணியம்” என்று கூறி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிழை உவமையில் இல்லை; என்னிடத்தில் இருந்தது. அவருடைய காயம் எத்தகையது என்று நான் கேட்கவில்லை. நற்செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நீதிபதியைப் போல அவர் முன் அமர்ந்தேன். நோயாளிக்கு வாசித்துக் காட்டுவது ஓர் இரக்கச் செயல். ஆனால் மருந்தைப் போலவே நூலுக்கும் அளவுண்டு, வேளையுண்டு, கொடுக்கும் முறையுமுண்டு. வைத்தியசாலைகளில் பணியாற்றும் தாதியரும், வீடுகளில் பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளும் நூல்களையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் மன்னிப்பின் பணிக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

மன்னிப்பு எது, எது அல்ல?

பலர் மன்னிக்கத் தயங்குவதற்குக் காரணம், மன்னிப்பைப் பற்றிய தவறான எண்ணமேயாகும். மன்னிப்பது என்றால் மறந்துவிடுவது அன்று. நடந்தது தவறல்ல என்று ஒப்புக்கொள்வதும் அன்று. நீதியைக் கைவிடுவதும் அன்று. பழைய உறவு உடனே திரும்பிவிட வேண்டும் என்பதும் இல்லை. உறவு திரும்புவதற்கு இருவர் வேண்டும். மன்னிப்பதற்கு ஒருவர் போதும். எனக்குத் தீங்கு செய்தவருக்குத் தீங்கு வரவேண்டும் என்ற விருப்பத்தை விட்டு, அவருக்கு நன்மை வரட்டும் என்று இறைவன் முன் விரும்பத் தொடங்குவதே மன்னிப்பு.

இதற்கு நம் காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டும் ஒரு நோயாளியின் கட்டிலிலிருந்தே வந்தது. 1981 மே 13ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் புனித இராயப்பர் சதுக்கத்தில் சுடப்பட்டார். நான்கு நாட்களின் பின், ஞாயிற்றுக்கிழமை, வைத்தியசாலைக் கட்டிலில் பதிவு செய்யப்பட்ட அவருடைய குரல் மக்களுக்கு ஒலிபரப்பப்பட்டது. தம்மைச் சுட்டவரைச் சகோதரர் என்று அழைத்து, அவரை மனதார மன்னித்துவிட்டதாகவும் அவருக்காகச் செபிப்பதாகவும் அதிலே கூறினார். 1983 டிசம்பர் 27ஆம் திகதி சிறைக்கூடத்துக்கே சென்று அவரைச் சந்தித்தார். ஆயினும் மன்னிக்கப்பட்ட அந்த மனிதர் 2000ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தார். மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று விழுங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

நேரே செல்லாத வழி

நூலொன்று மனித உள்ளத்தில் எவ்வாறு வேலை செய்கின்றது? சாமுவேலின் இரண்டாம் ஆகமம் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீது அரசனின் பாவத்தை இறைவாக்கினர் நாத்தான் முதலில் நேரே சுட்டிக்காட்டவில்லை. ஏழை ஒருவனின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதையைச் சொன்னார். கதையில் வந்தவனைக் கண்டு அரசன் கோபங்கொண்டான். அதன் பின்னரே அவன் தானே என்பதை உணர்ந்தான். நேரே சொன்னால் உள்ளம் கதவை அடைத்துக்கொள்ளும். கதையோ அடுத்த வீட்டுச் செய்தி போல் உள்ளே வந்து அமர்ந்துவிடும்.

லொயோலா புனித இஞ்ஞாசியாரின் வாழ்வும் இதற்குச் சான்று. 1521ஆம் ஆண்டில் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் நொறுங்கி, அண்ணனின் மாளிகையில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். வீரதீரக் கதைகளைக் கேட்டார். அவை அங்கே கிடைக்கவில்லை. இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் ஒரு நூலும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. அவற்றை வாசித்தபோது அவர் ஒரு செய்தியைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிய கனவுகள் அப்போதைக்கு இனித்தாலும், பின்னர் உள்ளத்தை வறட்சியாக விட்டுச் சென்றன. புனிதர்களைப் பற்றிய நினைவுகளோ போன பின்பும் மகிழ்ச்சியைத் தந்தன. நோயாளிக்கு வாசிப்பவர் இதனை மனதிற் கொள்ளவேண்டும். வாசிக்கும் நேரத்தில் நிகழ்வதைவிட, வாசித்து முடிந்த பின் உள்ளத்தில் எஞ்சி நிற்பதே முக்கியமாகும்.

நூலும் நோயாளியும் ஒரே புனிதரின் பாதுகாவலில் இருப்பதும் பொருத்தமானதே. கிரனாடா நகரிலே புத்தகக் கடை வைத்திருந்து, பின்னர் அதே நகரில் ஏழை நோயாளருக்கு வைத்தியசாலை அமைத்தவர் ‘இறைவனின் அருளப்பர்’ என்னும் புனிதர். 1550 மார்ச் 8ஆம் திகதி அவர் இறைபதம் எய்தினார். நோயாளருக்கும் தாதியருக்கும் மட்டுமன்றி, புத்தக வணிகருக்கும் அவரே பாதுகாவலர்.

தாதியியல் கற்றுத் தருவது

தாதியரின் தாய் எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டில் எழுதிய தாதியியற் கைந்நூலில், நோயாளிக்கு வாசிப்பதைப் பற்றியும் கூறியிருக்கின்றார். மெதுவாகவும் தெளிவாகவும் ஒரே சீராகவும் வாசிக்கவேண்டும். விரைந்து வாசித்தால் சீக்கிரம் முடியும் என்பது தவறான எண்ணம். தான் வாசிக்கும் நூலிலிருந்து இடையிடையே துண்டு துண்டாக எடுத்துச் சொல்வது நோயாளியைக் களைப்படையச் செய்யும். நோயுற்ற பிள்ளைகளோ வாசித்துக் காட்டுவதிலும் பார்க்க, கதையாகச் சொல்வதையே விரும்புவர். இவ்வறிவுரைகள் இன்றும் பழுதடையவில்லை.

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார், தாதியர் நோயாளருக்காகச் செய்யும் பணிகளைத் தொகுத்து 1992இல் முதன்முறையாக நூலாக வெளியிட்டனர். பின்னர் விரிவாக்கப்பட்ட அத்தொகுப்பிலே நூல்வழிச் சிகிச்சையும், மன்னிப்புக்குத் துணைபுரிதலும் தாதியரின் பணிகளாக இடம்பெற்றுள்ளன. ஊசி போடுவதும் புண் கட்டுவதும் மட்டுமே தாதியம் அன்று என்பதை இன்றைய தாதியியல் ஒப்புக்கொண்டுள்ளது.

2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, குணப்படுத்த முடியாத புற்றுநோயுற்ற முதியோரைப் பற்றியது. நான்கு வாரங்கள் மன்னிப்பைப் பற்றி ஒழுங்காக வழிநடத்தப்பட்டவர்களிடம் கோபம் தணிந்தது. எதிர்நோக்கும் வாழ்வின் தரமும் உயர்ந்தன. பங்குபற்றியவர்கள் சிறு தொகையினர். எனினும் உயிர் பிரியும் காலத்திலும் உள்ளம் மாறமுடியும் என்பதை இது காட்டுகின்றது.

எழுதப்பட்ட நூலே துணையாக அமைந்ததற்கும் சான்று உண்டு. எவரெற் வேர்திங்டன் என்னும் அமெரிக்க உளவியற் பேராசிரியர் மன்னிப்பைப் பற்றி ஆராய்ந்தவர். 1996 புத்தாண்டை ஒட்டிய நாளில் அவருடைய வயோதிபத் தாயார் வீடு புகுந்த திருடனாற் கொல்லப்பட்டார். தாம் கற்பித்ததைத் தாமே செய்துபார்க்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர் காட்டும் படிகள் ஐந்து: காயத்தை உள்ளபடி நினைத்தல், காயப்படுத்தியவரின் நிலையிலிருந்து பார்க்க முயலுதல், மன்னிப்பைத் தகுதி பாராத கொடையாக வழங்குதல், அத்தீர்மானத்தை ஏதாவதொரு வெளிச்செயலால் உறுதிப்படுத்தல், பழைய கோபம் திரும்பும்போது தீர்மானத்தைப் பற்றி நிற்றல். இப்படிகளைக் கொண்ட ஒரு பயிற்சிக் கைந்நூல் கொலம்பியா, ஹொங்கொங், இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, உக்ரேன் ஆகிய இடங்களில் 4500க்கும் மேற்பட்டோரிடையே பரீட்சிக்கப்பட்டு, முடிவுகள் 2024இல் வெளியாயின. சில மணி நேரத்திற் செய்து முடிக்கக்கூடிய அச்சிறு நூலினால் மன்னிக்கும் மனநிலை வளர்ந்ததோடு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. அவர்கள் படுக்கை நோயாளர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. படுக்கையில் இருப்பவருக்குப் படிகளைவிடக் கதையே எளிது.

எவற்றைத் தெரிந்துகொள்வது?

சகோதரப் பகைக்கு யோசேப்பின் வரலாற்றைவிடச் சிறந்த மருந்தில்லை (ஆதியாகமம் 37 முதல் 50 வரை). அதன் சிறப்பு, மன்னிப்பு அங்கே ஒரே நாளில் வந்துவிடுவதில்லை என்பதே. யோசேப்பு தமையன்மாரைச் சோதிக்கின்றார், கடுமையாகப் பேசுகின்றார், ஒதுங்கிச் சென்று அழுகின்றார். வெகு நாட்களின் பின்னரே தம்மை வெளிப்படுத்துகின்றார். தந்தை எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பின்னரும், தமையன்மார் தம்பியின் மன்னிப்பை நம்பாமல் மீண்டும் அஞ்சுகின்றனர். மன்னிப்பது கடினம், மன்னிக்கப்பட்டதை நம்புவதும் கடினமே. நோயாளி தன் காயத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் இவ்வரலாற்றிற் கண்டுகொள்ளலாம்.

ஊதாரி மகனின் உவமையை (லூக்காஸ் 15) அறியாதார் இல்லை. ஆனால் மூத்த மகனின் பக்கத்திலிருந்து அதனை வாசித்துப் பாருங்கள். அவன் விருந்து வீட்டுக்குள் சென்றானா, இல்லையா? உவமை அதைச் சொல்லவில்லை. அந்த முடிவை நோயாளியே தேடட்டும். இக்காட்சியை றெம்பிராண்ட் என்னும் ஒல்லாந்து ஓவியர் தீட்டிய படத்தின் பிரதிகள் எளிதிற் கிடைக்கும். ஒல்லாந்துக் குருவான ஹென்றி நோவென், 1983இல் பிரான்சில் ஒரு கதவிலே ஒட்டப்பட்டிருந்த அதன் பிரதியைக் கண்டு ஆழமாகப் பாதிக்கப்பட்டார். அதிலிருந்து பிறந்த அவருடைய நூல் 1992இல் வெளிவந்தது. வாசிக்கக் கண்ணொளி போதாதவருக்கும், கேட்டுக்கொண்டிருக்கப் பெலமில்லாதவருக்கும் கட்டிலின் எதிரே தொங்கும் ஒரு படம் நாள் முழுவதும் அமைதியாகப் பேசும்.

புனிதர் வரலாறுகளும் உண்டு. பதினொரு வயதுச் சிறுமி மரிய கொறற்றி, 1902 யூலை 6ஆம் திகதி நெற்றூனோ வைத்தியசாலையில் உயிர் பிரியுமுன் தன்னைக் குத்தியவனை மன்னித்தாள். 27 ஆண்டுகள் சிறையிலிருந்து மீண்ட அம்மனிதன் பின்னர் அவளுடைய தாயிடமும் மன்னிப்புக் கேட்டான். எவ்வளவோ கல்நெஞ்சங்களைக் கரைத்த வரலாறு இது. ஆயினும் அதே போன்ற கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணிடம், ‘சிறுமியே மன்னித்தாள், உனக்கென்ன?’ என்ற பொருளில் இதனை நீட்டுவது ஆறாத புண்ணில் உப்பிடுவதாகும். நல்ல நூலும் தகாத கையில் ஆயுதமாகிவிடும்.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி உண்டு. விவிலிய வாசகங்களையும் ஞானப் பாடல்களையும் அதிற் கேட்கலாம். அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. கடல் கடந்திருக்கும் உறவினரின் குரலை அது நோயாளியின் காதருகே கொண்டுவரும். நோயாளியின் குரலையும் அவர்களிடம் கொண்டுசெல்லும். எழுதக் கை வராதவர் ஒரு சொல்லைப் பதிவு செய்து அனுப்பலாம்.

வாசிக்கும் முறை

முதலில் உடலைக் கவனியுங்கள். வலி, தாகம், மூச்சுத் திணறல் இவற்றோடு இருப்பவருக்கு நூல் வேண்டாம்; மருந்தும் தண்ணீரும் தலையணையைச் சரிசெய்து விடுவதுமே அப்போது இரக்கம். அவர் ஆறுதலாக இருக்கும் நேரத்திலே, “கொஞ்சம் வாசிக்கட்டோ?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மறுப்பதற்கும் நோயாளிக்கு உரிமை வேண்டும். பாவம், அவரிடம் மிஞ்சியிருக்கும் உரிமைகள் சிலவே.

உங்கள் முகம் அவருக்குத் தெரியும்படி கதிரையைப் போட்டு அமருங்கள். பத்து நிமிடம் போதும். கதையை இடையில் நிறுத்தி, மீதியை நாளைக்கு வையுங்கள். வாசித்து முடிந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள், பிரசங்கம் செய்யாதீர்கள். ‘ஆகையால் நீங்களும் மன்னியுங்கள்’ என்ற ஒரு வசனம், பத்து நாள் வாசிப்பைக் கெடுத்துவிடும். கேட்பதாயின், “இதில் வந்தவர்களில் ஆரை உங்களுக்குப் பிடிச்சது?” என்பது போன்ற கேள்வியே போதும். அவர் அழுதால் அழட்டும்; கோபித்தால் கோபிக்கட்டும். கோபம் வெளிவருவது காயம் திறக்கின்றது என்பதன் அடையாளம். ஆனால் வாசித்த பின் உறக்கம் கெட்டு, கலக்கம் நாளுக்கு நாள் கூடுமாயின், நூலை மூடிவிட்டு வைத்தியருக்கோ குருவுக்கோ அறிவியுங்கள்.

அவர் சொன்னவை உங்களோடு இருக்கட்டும். கட்டிலருகே கேட்டதை முற்றத்திற் பேசினால், நோயாளி மறுமுறை வாய் திறக்கமாட்டார்.

அரச வைத்தியசாலையிற் பணியாற்றும் தாதியருக்கு ஒரு வார்த்தை. உங்கள் விடுதியில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். நோயின் பலவீனத்தைப் பயன்படுத்தி எவர் மேலும் நம் சமயத்தைத் திணித்தலாகாது. அவரவர் மதிக்கும் நூலையும் கதையையும் அவரவரிடமே கேட்டறிந்து வாசியுங்கள்.

அவசரப்படுத்தலாகாதவர்கள்

நம் நாட்டின் போர் 2009இல் முடிந்தது. ஆனால் பிள்ளை இருக்கின்றானா, இல்லையா என்று தெரியாமலே முதுமையடைந்து, நோய்ப்படுக்கையில் விழுந்த தாய்மார் நம் பங்குகளில் உள்ளனர். அத்தாய்மாரிடம் மன்னிப்பைப் பற்றிய நூலை எடுத்துச் செல்லாதீர்கள். பிள்ளையின் படத்தை எடுத்து வைத்து, அவனைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உண்மையும் நீதியும் வேண்டும் என்று அவர்கள் கேட்பது பகையன்று. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் மக்களை இழந்த நம் திருச்சபை, 2020 உயிர்ப்பு விழாத் தொலைக்காட்சித் திருப்பலியிலே கொழும்புப் பேராயரின் வாயிலாக மன்னிப்பை அறிவித்தது. அதன் பின்னரும் அதே பேராயர் நீதியைத் தொடர்ந்து கேட்டே வந்திருக்கின்றார்.

வீட்டில் வன்முறை செய்தவரிடம் திரும்பிப் போகும்படி எவரையும் நூலைக் காட்டி வற்புறுத்தலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொருவரையும் மறக்கலாகாது. அவர் பராமரிப்பவர். ஒருகாலத்தில் தன்னைச் சுடுசொல்லால் வதைத்த மாமியாரை இன்று குளிப்பாட்டி உணவூட்டும் மருமகள்மார் எத்தனை பேர்! வாசிப்பவரும் கேட்பவரே. யோசேப்பின் வரலாறு கட்டிலில் இருப்பவருக்கு மட்டுமன்றி, கதிரையில் இருப்பவருக்கும் எழுதப்பட்டதாகும்.

நூல் வாசல் வரை கொண்டுவரும். உள்ளே அழைத்துச் செல்வது இறைவனின் அருள். நோயாளரை எண்ணெய் பூசிச் செபிக்குமாறு கூறும் புனித யாகப்பர், பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படியும் அதே இடத்திற் கூறுகின்றார் (5:14-16). ஆகவே நோயாளி மனம் திறந்துவிட்டால் தாமதியாது குருவை அழையுங்கள். ஒப்புரவு அருட்சாதனமும் நோயிற்பூசுதலும் நற்கருணையும் சாவின் அறிகுறிகள் அல்ல, வாழ்வின் கொடைகள்.

இனி அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். அவருடைய மகள் ஒரு தாதி. நான் சென்று வந்ததன் பின் இரண்டு வாரம் அவர் நூல் எதையும் எடுக்கவில்லை. பின்னர் ஓரிரவு, “ஐயா, யோசேப்பின்ரை கதையை வாசிக்கட்டோ?” என்று கேட்டிருக்கின்றார். சிறு வயதிலிருந்தே அறிந்த கதைதானே என்று அவரும் சம்மதித்தார். நாளுக்குச் சிறிதாக வாசிப்பு நடந்தது. யோசேப்பு ஒதுங்கிச் சென்று அழும் இடத்தில் பெரியவர் நிறுத்தச் சொன்னார். “அவன் ஏன் தள்ளிப்போய் அழுதவன்? முன்னுக்கு நிண்டு அழுதால் என்ன?” என்று கேட்டார். மகள் விளக்கம் சொல்லவில்லை. “தெரியேல்லை, ஐயா” என்றார். அன்று முழுவதும் பெரியவர் பேசவில்லை. மறுநாள், சிறுபிராயத்தில் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போன கதையைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

ஒரு மாதத்தின் பின் மகளின் கைத்தொலைபேசியில் அவர் பதிவு செய்தது மிகச் சில சொற்களே. கிணற்றைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. “தம்பி, நான் அண்ணை. நீ சுகமே?” என்பதுதான். தம்பியின் பதில் அன்றிரவே வந்தது. அழுகையினால் பாதி விளங்கவில்லை. பெரியவர் அதனைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். சில நாட்களின் பின் நான் நற்கருணையுடன் சென்றபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சுவாமி, அண்டைக்கு வாசிச்சதை இண்டைக்கு வாசியுங்கோ” என்றார்.

வாசித்தேன். இம்முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

சிந்தனைக்கும் செயலுக்கும்

1. நம் வீட்டில் அல்லது அயலில் நோயுற்றிருப்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது வாசித்துக் காட்ட நம்மில் யாரால் முடியும்?

2. யோசேப்பின் வரலாற்றில், அல்லது ஊதாரி மகனின் உவமையில், நான் இன்று எந்த இடத்தில் நிற்கின்றேன்?

3. நாம் குரலனுப்பாமல் வைத்திருக்கும் உறவு எது? அவருக்கு இந்த வாரம் சொல்லக்கூடிய மிகச் சிறிய சொல் எது?

4. நம் அன்பியத்திலே பெரிய எழுத்து நற்செய்தி நூல் ஒன்று, படம் ஒன்று, புனிதர் வரலாறுகள் சில என்பவற்றைச் சேர்த்து, நோயாளர் வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் ஒரு சிறு நூற்பையை ஆயத்தப்படுத்தலாமா?